சவுக்குச் சருகும் என் கையும்

என் கை பட்டால் எதுவும் முளைக்காது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. முதலில் பகிடியாகத்தான் சொன்னார்கள். பகிடி எந்த நாளில் நம்பிக்கையாக மாறியது என்று சொன்னவர்களுக்கே தெரியாது. அந்தப் பேச்சை நான் எப்படி நிறுத்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முற்றாக நிறுத்திவிட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் என் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல இப்போது யாருக்கும் வாய் எழும்பாது.

நான் தையல்காரி. கல்முனைக்குத் தெற்கே, வீட்டு வேலியைத் தாண்டினால் கடற்கரை என்கிற மாதிரி ஒரு வளவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். உம்மாவின் வளவு ராத்தாவுக்கும் எனக்குமாகப் பிரிந்தது. ராத்தா என் மூத்த சகோதரி. அவளுக்கு வீதிப் பக்கம், எனக்குக் கடல் பக்கம். நடுவில் இருக்கிற கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. உம்மா ராத்தாவோடு இருக்கிறா. என் கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. ராத்தாவுக்கு நாலு பிள்ளைகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

இப்படி ஒரே வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போவது சிலருக்குப் பிடிக்காது. வரியின் முடிவில் ஒரு பெருமூச்சை எதிர்பார்ப்பார்கள். கொழும்பு வரை போய்ப் பார்த்தோம். இரண்டு பேரையும் சோதித்தார்கள். காரணம் ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்து எங்கள் வேலையைப் பார்த்தோம். அழவேண்டிய காலத்தில் நான் அழுது முடித்துவிட்டேன். மற்றவர்கள் பார்ப்பதற்காக இன்னொரு முறை அழுது காட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம் ஒன்று வந்ததே, அப்போது எல்லாரும் வீட்டில் எதையாவது நடுங்கள் என்றார்கள். நானும் தொடங்கினேன். எங்கள் மண் வெறும் கடல் மணல். ஊற்றுகிற தண்ணீர் நின்று பேசாது, நேரே கீழே போய்விடும். மேல்மண்ணைச் சருகால் மூடி வை, ஈரம் காயாது, வேருக்குக் குளிர்ச்சி என்று தொலைபேசியில் ஒரு காணொளியில் சொன்னார்கள். சருகுக்கு எனக்கா பஞ்சம்? வேலிக்கு அப்பால், கரை நீளத்துக்குச் சவுக்குத் தோப்பு. கடல் ஊருக்குள் ஏறி வந்துபோன பிறகு நட்ட மரங்கள். அதன் கீழே ஊசி ஊசியாகச் சருகு மெத்தை போட்டுக் கிடக்கும். கேட்பார் இல்லை. உர பேக்கில் அடைத்து அடைத்துக் கொண்டுவந்து பாத்தி முழுக்கப் பரப்பினேன். பரப்பி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, மடித்துத் தைத்த கரை போல அவ்வளவு ஒழுங்காக இருந்தது. என் வேலையில் எனக்கே ஒரு திருப்தி.

முதலில் கீரை போட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டியது. இரண்டு இலை விட்டதும் அப்படியே நின்று, மஞ்சளித்து, ஒரு காலையில் பார்த்தால் மண்ணோடு மண். பிறகு தக்காளி, கத்தரி, கொச்சிக்காய் என்கிற மிளகாய். கொச்சிக் கண்டு மட்டும் சுண்டுவிரல் உயரம் வந்தது, அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றது. பிடுங்கிப் பார்த்தேன். வேர் நுனி பழுப்பாகி, சுட்ட நூல் போலச் சுருண்டிருந்தது. என் கவனம் போதவில்லை என்று நினைத்தேன். கவனம் என்றால் எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: இன்னும் ஒரு பேக் சருகு.

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா தோட்டம் என்று ஒன்றும் செய்யவில்லை. அழுகிய தக்காளியைக் குசினிக் கதவிலிருந்து எறிவாள். கோழி கிளறும். அந்தக் குப்பையிலிருந்து ஒரு கொடி எழும்பிக் காய்த்துத் தள்ளும். பறித்து எனக்கும் அனுப்புவாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. பாசத்தோடுதான் அனுப்பினாள்.

பேச்சைத் தொடக்கி வைத்தது மாமி. வாப்பாவின் சகோதரி. அஸர் தொழுதுவிட்டு எங்கள் வளவுக்கு வருவா, இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பா. ஒருநாள் என் பாத்திகளைச் சுற்றிப் பார்த்தா.

"புள்ள, ஒன்ட கை வெறுங்கையாக்கும். சில ஆக்களுக்கு அப்பிடித்தான். என்ன போட்டாலும் புடிக்காது."

"மணல்தானே மாமி."

"மணல் ஒன்ட ராத்தாக்கும் மணல்தானே? மண்ணும் ஆளப் பாத்துத்தான் குடுக்கும்."

அவ எதைச் சொல்கிறா என்று எனக்கும் விளங்கியது, பக்கத்தில் நின்ற உம்மாவுக்கும் விளங்கியது. உம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு மாமியின் சொல்லை விடக் குத்தியது.

சகுனம் பார்ப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் வீட்டுக்குள் இருந்து எல்லாரும் கேட்டவர்கள்தான். கேட்டால், "நாங்க சகுனமா பாக்கிறம்? கண்ணால கண்டதத்தானே செல்லுறம்" என்பார்கள். என் தோட்டம் அவர்களுக்குக் கண்ணால் கண்ட சாட்சி ஆகிவிட்டது. பிறகு ராத்தாவும் ஒரு பாத்தி கொத்தினாள். அவள் பயத்தங்காய்க் கொட்டை போடும்போது நான் உதவிக்குக் குனிந்தேன். கிண்ணத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "நீ விடு, நான் போடுறன்." குரலில் கடுமை ஒன்றும் இல்லை. அன்று முதல் நான் அவள் பாத்திப் பக்கம் போகவில்லை.

விவசாயக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுத் தோட்டங்களைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகக் கதைத்தார். என் பாத்தியைப் பார்த்துவிட்டு, கடல் பக்கம் என்றபடியால் உப்புத் தண்ணியாக இருக்கும் என்றார்.

"ராத்தாட தோட்டத்துக்கும் இதே கெணறுதான் சேர். அங்க எல்லாம் காய்க்கிது."

அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தக்காளிக் கொடியைக் கண்டார். தலையைச் சொறிந்தார். மண்ணைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனார். சருகை அவரும் பாராட்டினார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஈரம் காக்கும், தொடர்ந்து போடுங்கள் என்றார்.

இதற்கிடையில் ராத்தாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. அந்தப் பிள்ளை பிறந்து போட்ட முதல் சட்டை என் மெசினில் தைத்தது. பள்ளிக்கூட உடுப்பு, பெருநாள் உடுப்பு, பரிசளிப்பு விழாவுக்குப் போட்ட நீளச் சட்டை, எல்லாம் நான்தான். கலியாணச் சாறிக்கான சட்டையை எப்படித் தைப்பது, கழுத்தில் என்ன மணி வைப்பது என்று மனதுக்குள் எப்போதோ வெட்டித் தைத்து முடித்திருந்தேன். அளவெடுக்க யாரும் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிணற்றடியில் நானே கேட்டேன்.

"சட்டத் துணி எங்க ராத்தா? அளவெடுக்கணுமே."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "டவுனுக்கு, கடையில குடுத்தாச்சு."

"என்னத்துக்கு?"

"ஒனக்கு வேல கூட. கஷ்டப்படுத்த வேணாமெண்டு பாத்தன்."

"எனக்கு எங்க வேல கூட? இந்தக் கெழம முழுக்க மெசின் சும்மாதானே கெடக்கு."

அவள் கிணற்றுக்குள்ளே பார்த்தாள். "மாமி செல்லுறா, கலியாணத் துணியில முதல் வெட்டு வெட்டுற கை நல்ல கையா இரிக்கணுமாம். புள்ள வாழப்போற விசயம். நான் நம்பல்ல. எண்டாலும், எதுக்கு..."

மாமியின் பேச்சை விட இந்த "எண்டாலும், எதுக்கு" தான் பெரிய ஆயுதம். நம்புகிறேன் என்று சொல்பவரோடு வாதாடலாம். நான் நம்பவில்லை, ஆனாலும் எதற்கு வீண் வம்பு என்று ஒதுங்குகிறவரை எங்கே போய்ப் பிடிப்பது? எங்கள் ஊரில் எத்தனை பெண்களைக் கலியாண வீட்டிலும் பிள்ளைக்கு முடி இறக்கும் வீட்டிலும் இந்தச் சொல் பின்வரிசைக்கு அனுப்பியிருக்கும் என்று அன்று நினைத்தேன். இனி என்னை அனுப்ப முடியாது என்றும் நினைத்தேன்.

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் கடற்கரைக்கு நடந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. எங்கள் கரையில் ஓர் இடத்தில் கரைவலை இழுப்பார்கள். வடம் சிக்காமல் இருக்க அந்த இடத்தில் சவுக்குச் சருகைக் கூட்டி இரண்டு பக்கமும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்று கோபத்தில் தலையைக் குனிந்து நடந்ததால்தானோ என்னவோ, கண் அங்கே நின்றது.

கூட்டின மணலில் அடம்பன் கொடி பச்சைப்பசேல் என்று படர்ந்து, ஊதாப் பூவோடு கிடந்தது. சருகு தொடங்குகிற இடத்தில் கொடி நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தி குறைந்து முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி நின்றது. நான் துணியின் ஓரம் பார்த்துப் பிழைக்கிறவள். ஓர் ஓரம் இவ்வளவு நேராக வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிழல் என்று முதலில் நினைத்தேன். கடல் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கே நாள் முழுக்க வெயில், ஆனால் காற்று சருகைக் கொண்டுவந்து குவித்திருந்தது. அங்கும் ஒரு புல் இல்லை. சருகைக் காலால் கிளறினேன். அடம்பன் கொடியின் ஒரு கிளை சருகுக்குள் ஓடியிருந்தது. அது தொட்ட இடத்தில் இறங்கின வேர்கள் குட்டையாக, பழுப்பாக இருந்தன. அந்தப் பழுப்பை நான் என் கொச்சிக் கண்டில் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து தொலைபேசியில் தேடினேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள்தான், கலியாணத்தோடு விட்டது. தேடத் தேட வந்தது. சில மரங்கள் தங்கள் இலையிலும் பட்டையிலும் வேரிலும் சில இரசாயனங்களை வைத்திருக்கின்றன. மழை பெய்தால் அவை கரைந்து மண்ணில் இறங்கும். அந்த மண்ணில் விழுந்த மற்ற விதையை முளைக்க விடாது, முளைத்தாலும் வேரை நீள விடாது. சுற்றிவர இருக்கிற தண்ணீரும் இடமும் அந்த மரத்துக்கே. அலீலோபதி என்று அதற்கு ஒரு பெயர். இதைச் செய்கிற மரங்களில் சவுக்கும் ஒன்று. அந்தச் சருகைத்தான் நான் பேக் பேக்காகச் சுமந்து, என் பிஞ்சு வேர்களின் தலைக்கு மேல் போட்டு, தினமும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன்.

கணவர் வேலை முடிந்து தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்தார். சொன்னேன். முகம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"மரமொண்டு சுத்தியிரிக்கிற கண்டெல்லாத்தையும் சாகடிக்குமா?"

"சாகடிக்கிறதெண்டு இல்ல. எழும்ப விடாது."

"எங்கட மாமி மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர், "சருக அள்ளி எறிஞ்சிட்டு விடு. ஆலையில இருந்து மக்கின உமி கொண்டு வாறன். ஆக்களுக்கு என்னத்துக்கு இதெல்லாம் செல்லப்போற?" என்றார்.

அப்படிச் செய்திருக்கலாம். சருகை எடுத்திருந்தால் கீரை எழும்பியிருக்கும். ஆனால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்ட துஆ பலித்தது, கை திறந்தது, அடுத்தது வயிறும் திறக்கும் என்பார்கள். கை மூடியிருந்தது என்ற பேச்சு அப்படியே இருக்கும். எனக்கு அது போதாது. ராத்தாவின் நல்ல கையும் என் வெறுங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும், எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

கலியாணத்துக்குப் பலகாரம் சுடுவதற்கு ராத்தா வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடின நாளில் நான் போனேன். நாலு தயிர்ச் சட்டி, அடியில் ஓட்டை போட்டது. ஒரு வாளியில் கிணற்றுத் தண்ணீர். இன்னொரு வாளியில் சவுக்குச் சருகை ஊறவைத்து வடித்த தண்ணீர். மணல் ராத்தாவின் பாத்தியிலிருந்தே அள்ளினேன். பயறும் கீரை விதையும் அவள் போத்தலிலிருந்தே கேட்டு வாங்கினேன்.

"என்னடி இது?" என்று உம்மா கேட்டா.

"என்ட கையச் சோதிக்கப் போறன்."

நான் விளக்கினேன். ராத்தா இரண்டு சட்டியில் விதைப்பாள், நான் இரண்டு சட்டியில் விதைப்பேன். ராத்தாவின் சட்டிக் கழுத்தில் சிவப்பு நூல், என்னுடையதில் வெள்ளை நூல். ஒவ்வொருவரின் சட்டியிலும் ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதுக்குச் சருகுத் தண்ணீர். சட்டிகள் ராத்தா வீட்டு விறாந்தையிலேயே இருக்கும். நான் கிட்டவும் வர மாட்டேன். தண்ணீர் ஊற்றுவது கலியாணப் பெண்.

மாமி சருகுத் தண்ணீரைக் கையில் அள்ளி மணந்து பார்த்தா. "வெறுந்தேத்தண்ணி மாதிரிக் கெடக்கு. இதுல என்ன கலந்திரிக்கிற?"

"சவுக்குச் சருகு மட்டுந்தான். ஒளிவுமறைவு ஒண்டும் இல்ல."

"கலியாண வீட்டுல இது என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டெண்டா இரிந்து பாருங்க மாமி. நீங்க இவ்வளவு நாளும் வெளையாட்டாத்தானே செல்லிக்கிட்டு இரிந்தயள்."

ராத்தா மாமியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாக் கையைத் துடைத்துவிட்டு வந்து குந்தினாள். சட்டிகளில் விதையைத் தூவினாள். நான் என்னுடையதில் தூவினேன். எங்கள் முழங்கைகள் முட்டிக்கொண்டன. சிந்தின விதையைக்கூட அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். அவளுக்கும் பயம்தான். தன் கையும் ஒருநாள் கெட்ட கையாகலாம் என்ற பயம்.

அதற்குப் பிறகு நான் அந்த விறாந்தைப் பக்கமே போகவில்லை. பொறுமையாக இருந்தேன் என்று சொன்னால் பொய். தைத்ததைப் பிரித்தேன், பிரித்ததைத் தைத்தேன். பயறு விரைவாக முளைக்கிற சாமான், கீரைக்குக் கொஞ்சம் கூட நேரம் வேண்டும். கடைசியில் ஒரு காலை ராத்தாவின் மகள் வேலியடியில் வந்து நின்றாள்.

"சாச்சி, வாங்க. உம்மா எல்லாரையும் கூப்பிடுறா."

கிணற்றுத் தண்ணீர் ஊற்றின சட்டிகள் இரண்டிலும் பயறு நிமிர்ந்து நின்றது, கீரை பச்சைத் துணி விரித்த மாதிரி. சிவப்பு நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சருகுத் தண்ணீர்ச் சட்டிகளிலும் ராத்தாவும் நானும் ஒரேமாதிரித்தான். பயறு பிந்தி, கூனி நின்றது. கீரை எண்ணிப் பார்க்கவும் இல்லாத அளவு. நான் நாலு சட்டியிலிருந்தும் பயற்றைப் பிடுங்கி, வெள்ளைத் துணித் துண்டில் வரிசையாக வைத்தேன். இரண்டு வரிசையில் வேர் வெள்ளை மயிர் போல நீளமாக ஓடியிருந்தது. இரண்டு வரிசையில் வேர் குட்டையாகி நுனி பழுத்திருந்தது. அதில் ஒரு வரிசை, எல்லாரும் புகழ்ந்த ராத்தாவின் கை விதைத்தது.

மாமி குனிந்து பார்த்தா. நெடுநேரம் பார்த்தா. பிறகு நிமிர்ந்து, "அப்ப சருகுலதான் பிழ. நான் அப்பவே யோசிச்சன்" என்றா.

"அல்ஹம்துலில்லாஹ், என்ட புள்ளட கையில ஒண்டுமில்ல" என்று உம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் சந்தோசம். என் முதுகைத் தட்டினார்கள். விடுதலை கிடைத்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

எனக்கும் சந்தோசம் வரவேண்டும். இதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன். ஆனால் அந்தத் தட்டல்கள் விழ விழ எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன காரணம் என்று பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"முளைக்காம இரிந்திருந்தா?" என்று கேட்டேன்.

"என்ன?" என்றாள் ராத்தா.

"என்ட சட்டி ரெண்டும் முளைக்கல்ல எண்டு வையிங்க. எறும்பு திண்டு போட்டுது, இல்லாட்டி விதை பழசு. அப்ப என்ட கை கெட்ட கைதானா? அப்ப நான் பின்னுக்குப் போய் நிக்கணுமா?"

நுனி பழுத்த வரிசையிலிருந்து ஒரு பயற்றை மற்றக் கையால் எடுத்துக் காட்டினேன்.

"பயறு முளைச்சதால நான் நல்லவளாகல்ல உம்மா. முளைக்காட்டியும் நான் கெட்டவ இல்ல. நீங்க ஆரும் இவ்வளவு நாளும் கீரையப் பத்திக் கதைக்கல்ல. எனக்குப் புள்ள இல்லாததப் பத்தித்தான் கதைச்சயள். அத நேர செல்ல வெக்கப்பட்டுக் கீரையில வெச்சிச் செல்லினயள். புள்ள இல்லாததுக்குக் காரணமும் எனக்குத் தெரியா, டாக்டர்மாருக்கும் தெரியா. காரணம் ஒரு நாளைக்கும் தெரியவராட்டியும் நான் ஆருட கலியாணத்திலயும் முன்னுக்குத்தான் நிப்பன்."

மாமி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "நான் என்ன செல்லிட்டன் எண்டு இவ்வளவு கதைக்கிறா" என்று முணுமுணுத்தா. ராத்தா தலையைக் குனிந்து சட்டியின் சிவப்பு நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உம்மாவின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

ராத்தாவின் மகள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. என் முன்னால் நீட்டினாள். உள்ளே சட்டைத் துணி. மடிப்புக் கலையவில்லை. கத்தரி படாத துணி.

"கடையில குடுத்ததெண்டு செல்லினாங்களே" என்றேன்.

"குடுத்ததுதான். நான் போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துட்டன்."

"இண்டைக்கா?"

"இல்ல சாச்சி. நீங்க சட்டியில விதை போட்ட அண்டைக்கு அந்தியில. முளைக்குமா இல்லையா எண்டு பாத்துக்கிட்டு இரிக்கல்ல. உம்மாக்குத் தெரியா."

ராத்தா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் எழும்பி, விறாந்தையில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டாள், ஈரத்துணியால் துடைத்தாள். "இஞ்சயே வெட்டு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பலகையைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு அது போதுமா என்று கேட்டால், போதாது. மன்னித்துக்கொள் என்ற சொல்லை நான் இன்றுவரை அவளிடமிருந்து கேட்கவில்லை. ஆனால் துணியை விரித்தபோது அவள் மறுபக்க ஓரத்தை இழுத்துப் பிடித்தாள், நான் வெட்டி முடிக்கும் வரை விடவில்லை. மாமி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கலியாணம் நடந்தது. சட்டை பொருத்தமாக இருந்தது. சட்டைக் கையில் ஒரு தையல் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் அதை நான் மட்டும்தான் கண்டேன்.

பாத்திகளில் இருந்த சருகை முழுக்க வாரி எடுத்தேன். மாரி மழை ஒன்று நன்றாகப் பெய்து மணலைக் கழுவின பிறகுதான் கீரை ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் செழித்துக் குலுங்கியது என்று நினைக்க வேண்டாம். தக்காளியை உப்புக்காற்று கருக்கியது. கத்தரியை மாடு தின்றது. ஒரு கண்டு சாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்பதை இப்போது நான் நிம்மதியாக ஏற்றுக்கொள்கிறேன். சவுக்கு மரத்தில் எனக்குக் கோபம் கிடையாது. உப்பிலும் மணலிலும் காற்றிலும் நின்று பிழைக்கிற மரம், ஒதுங்கிப் போக அதற்குக் கால் இல்லை, தனக்குத் தெரிந்த வழியில் தன் இடத்தைக் காப்பாற்றுகிறது. அதன் சருகை இப்போது கேற்றிலிருந்து வாசல் வரை நடைபாதையில் போடுகிறேன். கோரைப்புல் முன்னைப் போல எழும்புவதில்லை. விவசாயக் கந்தோர் அதிகாரி மறுமுறை வந்தபோது அவருக்கும் காட்டினேன். தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். சருகைப் போடச் சொன்னது தான் என்பதை அவர் மறந்திருந்தார். நான் ஞாபகப்படுத்தினேன்.

போன நோன்புப் பெருநாளைக்கு எல்லாரும் ராத்தா வீட்டில் கூடியிருந்தோம். பக்கத்து வீட்டில் புதிதாகக் கலியாணம் முடித்த பெண்ணொருத்தி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். அவள் கேற்றைத் தாண்டுவதற்குள் மாமி தொடங்கினா.

"கலியாணம் முடிச்சு வருசமாகப் போகுது. இன்னும் ஒண்டையும் காணல்ல. அவ வளத்த கோழியெல்லாம் செத்துப்போச்சாம். சில ஆக்களுக்கு..."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முந்தியே ராத்தா கதைத்தாள்.

"மாமி, அந்தக் கதைய இந்த வீட்டுல எடுக்காதீங்க."

"நான் என்ன செல்லிட்டன்..."

"ஒண்டும் செல்ல வேணாம். அதத்தான் செல்லுறன்." ராத்தாவின் முகம் சிவந்திருந்தது. பெரியவர்களை எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லாதவள் அவள். வட்டிலப்பத்தை வெட்டி முதல் துண்டை மாமியின் தட்டில் வைத்தாள். "நல்ல பதமா அவிச்சிரிக்கா. தின்னுங்க."

மாமி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டா. பிறகு எடுத்துத் தின்னத் தொடங்கினா.